ரெண்டே நாள் படப்பிடிப்பு

ஃபிரிட்ஜைத் திறந்ததும் திரிந்த பாலின் வாடை அவள் முகத்தில் அடித்தது. மேல்தட்டில், தக்காளிக்கும் முட்டைக்கும் நடுவே, தம்பியின் செல்போன் கிடந்தது.

"டேய்!"

தம்பி ஓடி வந்தான். அவன்தான் டைரக்டர். கழுத்தில் ஹெட்போன், கையில் கசங்கிய காகிதங்கள்.

"கத்தாதக்கா. சவுண்ட் ரெக்கார்ட் ஆகுது."

"ஃபிரிட்ஜை யாருடா அணைச்சது?"

"நான்தான். அது உர்ருனு உறுமுறது வசனத்துல விழுது. திரும்பப் போட மறந்துடக் கூடாதுன்னுதான் போனை உள்ள வெச்சேன். போனை எடுக்க வரும்போது ஞாபகம் வரும்ல?"

"வந்துச்சா?"

"போனை எங்க வெச்சேன்னே மறந்துட்டேன்க்கா. காலையிலேர்ந்து தேடுறேன்."

அவள் பல்லைக் கடித்துக்கொண்டு பாலைக் கொட்டினாள். ரெண்டே நாள் என்று சொல்லிவிட்டுத்தான் வந்தார்கள். இன்று பன்னிரண்டாவது நாள். எட்டுப் பேர். யாருக்கும் சம்பளம் கிடையாது, சாப்பாடு மட்டும் உண்டு. அதாவது, அவள் சமையல். அந்த எட்டுப் பேருக்கும் அவள் அக்கா, அவள் கணவன் மாமா. படத்துக்கு என்ன பட்ஜெட் என்று யாரோ கேட்டபோது, "பட்ஜெட் இல்ல, அக்கா இருக்கா" என்று தம்பி சொன்னது அவள் காதிலேயே விழுந்தது.

பைக்கை விற்றுத்தான் படத்தைத் தொடங்கியிருந்தான். அந்த ஒரு காரணத்துக்காகத்தான் வீட்டுச் சாவியைக் கொடுத்தாள்.

"விடும்மா, உன் தம்பிதானே" என்றான் கணவன். கதாநாயகன் முகத்தில் வெளிச்சம் விழுவதற்காக ஒரு தெர்மாகோல் அட்டையைத் தூக்கிப் பிடித்தபடி நின்றிருந்தான். லீவு போட்டுவிட்டு.

அவளுக்கு லீவு கிடையாது. வாஷிங் மெஷின் கம்பெனியின் புகார்ப் பிரிவில் வேலை. வீட்டிலிருந்தபடியே போன் எடுத்து, ஊரார் கோபத்தையெல்லாம் தேன் குரலில் வாங்கிக்கொள்ள வேண்டும். இந்த மாதம் குழுத் தலைவி பதவிக்கு அவள் பெயர் போயிருந்தது. அதனால் ஒவ்வொரு அழைப்பையும் மேலதிகாரி கேட்டுக்கொண்டிருந்தார்.

படுக்கையறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழைப்பை எடுத்தாள்.

"மெஷின் கதவு திறக்கவே மாட்டேங்குதும்மா" என்றது ஒரு பெண் குரல்.

"உங்க சிரமம் புரியுதும்மா. உள்ள என்ன இருக்குன்னு சொல்ல முடியுமா?"

ஹாலில் கதாநாயகன் அலறினான். "பொணம்டா! ரெண்டு நாளா உள்ளதான் கெடக்கு!"

மறுமுனையில் போன் வைக்கப்பட்டது.

அவள் ஹாலுக்குப் பாய்ந்தாள். "இனிமே வீட்டுக்குள்ள ஒருத்தனும் கத்தக் கூடாது. கத்துற சீனையெல்லாம் மாடிப்படியில போய் எடு!"

எடுத்தார்கள். அரை மணி நேரத்தில் ஹவுஸ் ஓனர் மூச்சு வாங்க மேலே வந்தார்.

"என்னம்மா இது, படியில ஒருத்தன் ரத்த வெள்ளத்துல கெடக்கான்! குடும்பம் இருக்கிற எடமா இது? நாளைக்கே காலி பண்ணுங்க!"

அவள் வாயைத் திறப்பதற்குள் தம்பி முந்திக்கொண்டான். "சார், உங்க குரல்ல ஒரு கம்பீரம் இருக்கு. படத்துல ஒரு நீதிபதி கேரக்டர்..."

ஹவுஸ் ஓனர் விருட்டென்று இறங்கிப் போனார். பத்தே நிமிடத்தில் கோட்டு மாட்டிக்கொண்டு, மீசைக்கு மை தடவிக்கொண்டு திரும்பி வந்தார்.

"தீர்ப்பு ரெண்டே வரியா? மூணு பக்கமாவது வேணும்ப்பா."

நீதிபதி வந்துவிட்டால் நீதிமன்றம் வேண்டுமே. வீட்டிலேயே மரவேலை செய்த ஒரே சுவர் படுக்கையறையில்தான் இருந்தது. அவள் லேப்டாப்பையும் ஹெட்போனையும் தூக்கிக்கொண்டு பாத்ரூமுக்குக் குடிபெயர்ந்தாள்.

"என்னம்மா, கெணத்துக்குள்ளேர்ந்தா பேசுறீங்க?" என்றார் அடுத்த வாடிக்கையாளர்.

"லைன் கொஞ்சம் அப்படி இருக்கு சார். சொல்லுங்க."

கதவு திறந்தது. மேக்கப் போடும் பெண் இரண்டு கைகளையும் நீட்டியபடி உள்ளே வந்தாள். "ஒரு நிமிஷம்க்கா. ரத்தத்தைக் கழுவிக்கிறேன். ஒருத்தன் முடிஞ்சான், இன்னும் ஒருத்தன் பாக்கி."

மாலையில் மேலதிகாரியே பேசினார். போலீசுக்குச் சொல்லட்டுமா என்று வாடிக்கையாளர் கேட்டாராம். குழுத் தலைவி பட்டியலிலிருந்து அவள் பெயரை எடுத்தாகிவிட்டதாம்.

ஐந்து வருடமாகக் கண்டவனிடமெல்லாம் "உங்க கோபம் புரியுது சார்" என்று சொல்லிச் சொல்லி அவள் சேர்த்து வைத்தது மொத்தமும் அந்த நொடியில் வெடித்தது. கேமரா ஸ்டாண்டைத் தூக்கி வாசலில் வீசினாள்.

"வெளிய போங்க! அத்தனை பேரும்!"

"அக்கா, கடைசியா ஒரே ஒரு ஷாட்..."

"உன் கனவுக்கு என் வேலைதான் கெடைச்சுதாடா? என் பால், என் பெட்ரூம், என் ப்ரமோஷன். எல்லாம் ஓசின்னு நெனச்சியா? கம்மிச் செலவுல எடுத்தேன், கம்மிச் செலவுல எடுத்தேன்னு ஊரெல்லாம் பீத்திக்குவியே, உனக்குக் கம்மியான செலவெல்லாம் யார் தலையில விழுந்துச்சுன்னு யோசிச்சியா?"

தம்பியின் கண்கள் கலங்கின. மாமாவைப் பார்த்தான். மாமா மேற்கூரையைப் பார்த்தான்.

"அப்ப என் தீர்ப்பு?" என்றார் ஹவுஸ் ஓனர்.

"வீடு உங்களுதுதான். ஆனா வாடகை குடுக்கிறது நான். எறங்குங்க சார்!"

இறங்கினார். எல்லாரும் இறங்கினார்கள். பெட்டிகளைத் தூக்கிக் கொடுக்கக் கணவனும் பின்னாலேயே போனான்.

வீடு காலியானதும் கோபமும் வடிய ஆரம்பித்தது. கால் மாற்றிக் கால் மாற்றி நின்றாள். ஜன்னலோரம் போய் எட்டிப் பார்த்தாள். பைக் இல்லாத தம்பி, தலையில் விளக்குப் பெட்டியோடு தெருவில் நின்றிருந்தான். பால் நாளைக்கும் கிடைக்கும். ப்ரமோஷன் அடுத்த வருடமும் வரலாம். கூடப் பிறந்தவன் ஒருத்தன்தானே.

மறந்துபோன சீப்பை எடுக்க மேக்கப் பெண் திரும்பி வந்தாள். அவளிடம் தணிந்த குரலில் கேட்டாள்.

"ஏம்மா, அவன் ரொம்ப அழுதானா? இன்னும் எத்தனை சீன்தான் பாக்கி? நாளைக்கு வேணா வந்து முடிச்சிட்டுப் போகச் சொல்லு."

மேக்கப் பெண் சீப்பைப் பைக்குள் போட்டுக்கொண்டே சொன்னாள்:

"பாக்கியா? படம் போன வெள்ளிக்கிழமையே முடிஞ்சிருச்சுக்கா. 'அவ உங்களைத் திட்டுற வரைக்கும்தான் எனக்கு நிம்மதி, இன்னும் பத்து நாள் எதையாவது எடுத்துக்கிட்டே இருங்கப்பா'ன்னு மாமாதான் கேமராவுக்கு வாடகை கட்டிக்கிட்டு இருக்காரு."