டாங்கிக்கு நான் வைத்த பொட்டு

குற்றவாளி சந்தனமா, ஸ்க்ரூவா? இரண்டு வருடமாக யோசிக்கிறேன், இன்னும் விடை தெரியவில்லை. ஆனால் இரண்டிலும் கைவைத்தது நான்தான். அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

என் கணவருக்கு ரிமோட்டில் ஓடும் பொம்மை டாங்கி (பீரங்கி வண்டி) என்றால் உயிர். சிங்கப்பூர் வேலை முடிந்து எல்லை தாண்டி ஜொகூர் தெப்ராவ் வீட்டுக்குள் நுழைந்ததும் முதலில் மகளைக் கொஞ்சுவார், அடுத்து டாங்கியை. (நான் மூன்றாவது.) ஒரு வருடம் உட்கார்ந்து பாகம் பாகமாக அவரே பூட்டியது. அதைத் தன் டாங்கிப் பிரியர் குழுவினர் முன் முதல்முறையாக ஓட்டிக் காட்டும் ஞாயிற்றுக்கிழமைக்காக நாள் எண்ணிக்கொண்டிருந்தார்.

ஒரே ஒரு குறை. சுடும்போது சத்தம் வரும், வெளிச்சம் வரும். குழல் மட்டும் அசையாது. நிஜ டாங்கியில் குழல் சட்டென்று பின்னால் பாய்ந்து, பிறகு முன்னால் வருமாம். அதற்கான சின்ன மோட்டாரும் ஸ்பிரிங்கும் வாங்கி வைத்திருந்தார். பிரிக்கத்தான் பயம்.

"ஞாயித்துக்கெழம முடியட்டும் கவி, அப்புறம் பாக்கலாம்" என்றார்.

நான் அதற்கு முன்பே பார்த்துவிட்டேன்!

மகள் பாலர் பள்ளிக்குப் போயிருந்த நான்கு காலைகள். செய்முறை வீடியோவை ஓடவிட்டு, நிறுத்தி, நோட்டில் படம் வரைந்து (பட்டப்படிப்பு வேறெதற்கு?), குழலை ஓர் உறைக்குள் வழுக்கி ஓடும்படி பொருத்தினேன். மோட்டார் இழுக்கும், ஸ்பிரிங் தள்ளும். ஒரு ஸ்பிரிங் போதும் என்றது வீடியோ. போதாமல் போனால்? இரண்டு போட்டேன். குழல் கழன்று வராமல் தடுக்க ஒரு கடுகளவு ஸ்க்ரூ. முறுக்கினேன். அதிகமோ என்று தளர்த்தினேன். குறைவோ என்று மறுபடி முறுக்கினேன். கடைசியாகச் செய்தது எது என்பது கடவுளுக்கே வெளிச்சம்.

பட்டனை அழுத்தினேன். சடக்! குழல் பின்னால் பாய்ந்து, அழகாக முன்னால் வந்தது. சமையலறையில் தனியாகக் குதித்தேன். பதினேழு முறை சுட்டேன். சோறு அடிப்பிடித்தது.

சனிக்கிழமை ஆயுத பூசை. கார், மோட்டார் சைக்கிள், மிக்சி எல்லாவற்றுக்கும் பொட்டு. டாங்கியை மட்டும் விட மனம் வருமா? சங்கிலிச் சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தேன். குழலில் மூன்று பட்டை சந்தனம், நடுவில் குங்குமம். மறுநாள் நல்லபடியாக நடக்க வேண்டுமே என்று சந்தனத்தைக் கொஞ்சம் கனமாகவே தடவினேன்.

"ஜம்முனு இருக்கு" என்றார் கணவர். புது ஏற்பாட்டைப் பற்றி நான் மூச்சுவிடவில்லை. கூட்டத்தில் அவர் முகத்தைப் பார்க்க வேண்டும்!

பார்த்தேன். ஞாயிறன்று குழு கூடிய மண்டபத்தில் அவர் பட்டனை அழுத்த, குழல் பின்னால் பாய, மண்டபமே "ஓ!" என்றது. அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். மகள் பிறந்த அன்றுதான் அப்படி ஒரு முகத்தைப் பார்த்திருக்கிறேன்.

அது மூன்று வினாடி. குழல் திரும்பி வரவே இல்லை. காய்ந்த சந்தனம் உறைக்குள் இறுகிவிட்டது. தலையை உள்ளே இழுத்துக்கொண்ட ஆமைபோல் நின்றது டாங்கி.

"கவி, என்ன செஞ்ச?"

"சர்ப்ரைஸுங்க…"

குழுவில் மூத்தவரான சீன அங்கிள், கையில் கறிபாப் (மசாலா அடைத்துப் பொரித்த பலகாரம்) தட்டோடு குனிந்தார். "ஸ்டக் லா. கொஞ்சம் தட்டு" என்று அவரே விரலால் தட்டினார்.

டப்! இரண்டு ஸ்பிரிங்கும் சேர்ந்து தள்ள, அந்த ஸ்க்ரூவையும் மீறிக் குழல் கழன்று பறந்து, அவர் தட்டிலிருந்த கறிபாப்பில் செங்குத்தாகக் குத்தி நின்றது. குங்குமப் பொட்டோடு.

"அலமாக்!" (ஐயையோ!) என்றார் அங்கிள். மண்டபம் சிரித்தது. "அம்மா, இன்னொரு வாட்டி!" என்று கைதட்டினாள் அப்போது நான்கு வயதான என் மகள். கணவர் மட்டும் சிரிக்கவில்லை. ஒரு வருட உழைப்பை நாசம் செய்துவிட்டேனே!

காரில் வீட்டுக்குக் கிளம்பினோம். இரண்டாவது சிக்னலில் வாயைத் திறந்தார்.

"பின்னாடி போச்சே, அந்த வேகம்… நீ ஒருத்தியாவா செஞ்ச?"

"ம்ம்."

"நான் ஆறு மாசமா தொடவே பயந்தேன் லா" என்றவர், ஸ்டியரிங்கில் தலை சாய்த்துச் சிரிக்க ஆரம்பித்தார். பச்சை விழுந்ததும் பின்னாலிருந்த கார்கள் ஹார்ன் அடித்தன.

இப்போதும் வீட்டில் கறிபாப் வாங்கினால், மகள் தட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, "அம்மா, சுடாதீங்க!" என்பாள்.

போன வாரம் டாங்கியிலிருந்து புகை வரவைக்கும் கருவி ஒன்று பெட்டியில் வந்தது. கணவர் அதை மேசைமேல் வைத்து, பக்கத்தில் ஸ்க்ரூ டிரைவரையும் வைத்துவிட்டு வேலைக்குப் போய்விட்டார். பெருமையில் எனக்கு அன்று சாப்பாடே இறங்கவில்லை. பயத்தில் பெட்டியை இன்னும் திறக்கவும் இல்லை. இந்தப் புகைக் கருவியைப் பூட்டிப் பழகியவர்கள் யாராவது இருந்தால், தயவுசெய்து சொல்லுங்கள்: முதலில் எந்த ஸ்க்ரூவைக் கழற்ற வேண்டும்?