முகத்தெளிவுச் சான்றிதழ்

எஹலியகொடைக்கு மேலேயுள்ள அந்த றப்பர் தோட்டம் பாலியல் நோய்களை வென்றது 1994ஆம் ஆண்டில். சுகாதாரக் கமிட்டியின் கூட்டத்தில், தேநீர் வருவதற்கு முன்பாகவே, ஏகமனதாக வென்றது. அதன்பின் ஒன்பது ஆண்டுகளாக ஒரு நோயாளிகூட இல்லை. டிஸ்பென்சரிச் சுவரில் 'நோயற்ற தோட்டம்' என்ற நற்சான்றிதழ் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்கியது. அரசாங்கம் அனுப்பிய எயிட்ஸ் சுவரொட்டியின் கீழ்ப்பாதியை அது மறைத்தது உண்மைதான். சுவரில் இருந்தது ஒரே ஆணி.

அப்படிப்பட்ட புனித இடத்துக்குத்தான் பால்வெட்டுக்காரன் அழகமுத்து சந்தேகத்தோடு வந்தான். பங்குனியில் ஒரு வாரம் கொழும்புக்குக் கடைவேலைக்குப் போனவன், அங்கே பழக்கமான ஒரு பெண்ணோடு ஓர் இரவு தங்கிவிட்டான். ஆணுறை கிடையாது. அவள் பார்வைக்குச் சுகமாகத்தான் இருந்தாள். அவனும்தான். இப்போது ஆறு வாரம் ஆகிறது. இன்னும் மூன்று வாரத்தில் மல்லிகாவோடு கல்யாணம். அவனுக்குப் புண் இல்லை, எரிச்சல் இல்லை, தூக்கமும் இல்லை.

டிஸ்பென்சர் இரத்தினசபாபதி யாழ்ப்பாணத்துக்காரர். தோட்டத்துக்கு அவர்தான் 'டொக்டரையா'. இரகசியம் கருதிக் கதவைச் சாத்தினார். இடுப்பளவுக் கதவு.

"என்ன தம்பி, சொல்லும். இஞ்சை சொல்லுறது வெளியில போகாது."

அழகமுத்து சொன்னான். வெளியே வரிசையில் நின்ற பதினொரு பேரும் இருமலை அடக்கிக்கொண்டு கேட்டார்கள்.

"நாக்கை நீட்டும். கண்ணைக் காட்டும். எரியுதோ?"

"இல்லீங்க ஐயா. ரத்தம் பாக்கணும்னு சொல்றாங்களே..."

"பதினெட்டு வருஷச் சேவை, ஐசே! முகத்தில தெளிவு இருக்கு. உமக்கு ஒண்டுமில்லை. அதோட இது நோயற்ற தோட்டம். இஞ்சை உமக்கு அது வரேலாது."

'பார்வைக்குச் சுத்தம்' என்று எழுதி, வட்ட முத்திரை குத்திக் கொடுத்தார். இரகசியம் முறைப்படி காக்கப்பட்டது. மாலைக்குள் எல்லா லயன் வீடுகளும் அதைக் காத்துக்கொண்டிருந்தன.

மறுநாள் பால் நிறுக்கும் கொட்டகையில் மல்லிகா வாளியோடு அவனுக்குப் பின்னால் வந்து நின்றாள். கணக்கப்பிள்ளை கிருஷ்ணகுமார் அழகமுத்துவின் வாளிக்குள், பாலில் தண்ணீர் கலந்திருந்தால் காட்டிக்கொடுக்கும் கண்ணாடி மீட்டரை மிதக்கவிட்டுப் பார்த்தார்.

"டேய், ஓடத் தண்ணி எத்தன கோப்ப ஊத்துன?"

"ரெண்டுங்க." தூங்காதவனால் அன்று மரத்தைச் சரியாக வெட்ட முடியவில்லை; பால் குறைந்திருந்தது.

"பாக்க வெள்ளையாத்தானங்க இருக்கு?" என்று பின்னாலிருந்து கேட்டாள் மல்லிகா.

"பாக்க எல்லாப் பாலும் வெள்ளதான் புள்ள. அதுக்குத்தான மீட்டரு."

மல்லிகா அழகமுத்துவைப் பார்த்தாள். "கேட்டுக்கிட்டீங்களா மச்சான்?"

"எங்கிட்ட சீல் வச்ச கடுதாசி இருக்கு."

"அத வாளிக்குள்ள முக்கிப் பாருங்க, என்னா காட்டுதுன்னு."

நேரே டிஸ்பென்சரிக்குப் போய், நற்சான்றிதழைத் தூக்கிப் பிடித்து, சுவரொட்டியின் கீழ்ப்பாதியைப் படித்தாள் அவள். இரத்தினபுரியில் இலவச கிளினிக், விலாசம் இருந்தது. வியாழக்கிழமை இருவரும் பஸ் ஏறினார்கள்.

கிளினிக்கில் டிஸ்பென்சரின் சிபாரிசுத் துண்டு கேட்கவில்லை. பெயரைக் கூப்பிடவில்லை, ஓர் இலக்கம் கொடுத்தார்கள். பழக்கதோஷத்தில் அழகமுத்து முத்திரைக் கடிதத்தை நீட்டினான். தாதி மிஸ்ஸி அதைப் படித்து, நான்காக மடித்து, ஆடிக்கொண்டிருந்த மேசைக்காலுக்கு அண்டை கொடுத்தார். பிறகு சிங்களத்தில் விளக்கினார்: பல தொற்றுகள் வெளியே ஒன்றும் காட்டாது; இரத்தம்தான் பேசும்; எச்.ஐ.வி. சோதனையை அந்த இரவிலிருந்து மூன்று மாதம் கழித்து மறுபடி செய்தால்தான் உறுதி. அவருடைய சிங்களத்தில் ஒரு சொல்லாவது புரியாமல் போகக்கூடாதா என்று இருந்தது அழகமுத்துவுக்கு.

அடுத்த வாரம் முடிவு வந்தது. எச்.ஐ.வி. இப்போதைக்கு இல்லை. சிபிலிஸ் இருந்தது. ஊசி போட்டார்கள். "அந்தப் பெண்ணுக்கும் சொல்லு, அவளும் வரட்டும்" என்றார் மிஸ்ஸி. அழகமுத்து மூன்று தாளைக் கிழித்து, நான்காவதில் அவளுக்குக் கடிதம் எழுதினான்.

கல்யாணத்தை மல்லிகா ஆவணிக்குத் தள்ளினாள். ஊரில் யாரும் காரணம் கேட்கவில்லை. எல்லோரும் இரகசியத்தைக் காத்துக்கொண்டிருந்தார்களே. இரண்டாவது சோதனையும் நல்லபடி முடிந்த பிறகுதான் தாலி.

கடமையுணர்ச்சியோடு அழகமுத்து டிஸ்பென்சருக்கும் சொன்னான்: "சிபிலிஸ் இருந்திச்சுங்க ஐயா."

"இப்ப இருக்கோ?"

"இல்லீங்க."

"பிறகென்ன? நோயற்ற தோட்டம்தானே!"

பத்தாம் ஆண்டு நற்சான்றிதழும் வந்தது. இம்முறை சட்டம் பெரிது. சுவரொட்டி முழுவதும் மறைந்தது.

அன்று வரிசையில் நின்ற பதினொரு பேரில் நான்கு பேர், ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர், மல்லிகாவிடம் வந்து அந்த விலாசத்தைக் கேட்டார்கள். அவர்களில் வெள்ளையம்மாவுக்கு மூன்று கர்ப்பம் கலைந்திருந்தது. கிளினிக்கில் இரத்தம் பார்த்தபோதுதான் காரணம் தெரிந்தது: சிபிலிஸ்.

மூன்று முறையும் டொக்டரையா அவளைப் பார்த்திருந்தார். மூன்று முறையும் முகத்தில் தெளிவு இருந்ததாம்.