பைலட் போடாத கையெழுத்து

இராஜபாளையத்தில் கோபப்படுவதை முழுநேர வேலையாக வைத்திருந்த ஒரே ஆள் பைலட்தான். பேண்டேஜ் துணி கம்பெனியில் அவன் ஸ்டோர் கீப்பர், நான் டெஸ்பாட்ச் கிளார்க். காலையில் வணக்கம் சொன்னால்கூட, "இதுல வணக்கத்துக்கு என்னலே இருக்கு?" என்று சண்டைக்கு வருவான்.

காரணம் இருந்தது. எண்பதுகளின் நடுவில், சோழபுரத்து நிலத்தை விற்று அவனை விமானம் ஓட்டப் படிக்க வெளியூருக்கு அனுப்பினார் அவன் அப்பா. அங்கே இருந்த பழைய சின்ன விமானத்தில், ஓட்டுபவரின் சீட்டை நகராமல் பிடித்து நிறுத்தும் கொக்கி தேய்ந்திருந்தது. மூன்று முறை புகார் எழுதிக் கொடுத்தான். "பாத்துக்கலாம் தம்பி" என்றார்கள். எதைப் பார்த்தார்களோ! அவன் தனியாக ஓட்டிய இரண்டாம் நாள், விமானம் தரையை விட்டு எழும்பிய நொடியில் சீட் சர்ரென்று பின்னால் வழுக்கியது. பிடித்திருந்த ஸ்டியரிங்கும் கையோடு பின்னால் இழுபட்டது. மூக்கைச் செங்குத்தாகத் தூக்கிய விமானம் அப்படியே சரிந்து பக்கத்துச் சோளக்காட்டில் விழுந்தது. கால் இரண்டு இடத்தில் முறிந்து ஊர் திரும்பினான்.

ஊர் அவனுக்கு பைலட் என்று பேர் வைத்தது. அவன் விந்தி விந்தி நடந்து போனால், டீக்கடையில் நாலு பேர் கைகளை விரித்து 'உய்ய்ய்' என்று சத்தம் கொடுப்பார்கள். நினைத்தால் இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

ஒருநாள் கம்பெனி வேலையாக ஸ்ரீவில்லிபுத்தூர் போக டவுன் பஸ்ஸில் ஏறினோம். டிரைவர் சீட்டை நைலான் கயிற்றால் கட்டியிருந்தார்கள். பைலட் கண்ணில் அது பட்டுவிட்டது.

"இந்த சீட்ட மாத்தாம வண்டி நகரக் கூடாது!"

"ஏலே, இது பஸ்ஸு. ஏரோப்பிளேன் இல்ல!" என்றார் டிரைவர்.

"அதுல நான் ஒருத்தன்தாம்யா விழுந்தேன். இதுல எம்புட்டுப் பேரு இருக்காக, திரும்பிப் பாரும்!"

கண்டக்டர் எங்கள் இருவரையும் இறக்கிவிட்டார். நான் என்ன செய்தேன் என்று கேட்டேன். "கூட வந்தீருல்ல" என்றார்.

கால் ஓரளவு சரியான சமயத்தில், விமானப் பள்ளி மேனேஜர் ஒரு கடிதத்தோடு எங்கள் ஆபீசுக்கே வந்தார். மாணவர் கவனக்குறைவாக ஸ்டியரிங்கை இழுத்ததே விபத்துக்குக் காரணம் என்று அதில் டைப் அடித்திருந்தது. கையெழுத்துப் போட்டால் மிச்சப் பயிற்சியை முடித்துவிடலாம் என்றார். எங்கள் முதலாளியின் சக்கரம் வைத்த நாற்காலியில் கால்மேல் கால் போட்டுக்கொண்டுதான் சொன்னார்.

"போடுறேன் சார். செத்த நேரம் இந்த மேஜை டிராயரப் பிடிச்சுக்கிட்டு ஒக்காருங்க" என்றான் பைலட்.

அவர் பிடித்தார். இவன் நாற்காலியைப் பின்னால் ஒரே இழுப்பாக இழுத்தான். டிராயர் முழுசாகக் கழன்று அவர் மடியில் விழுந்தது. உள்ளே இருந்த மைப்புட்டி கவிழ்ந்து வெள்ளைப் பேண்ட் முழுக்க ஊதா மை.

"டிராயர ஏன் சார் இழுத்தீக?"

"நான் எங்கய்யா இழுத்தேன்? நீதான நாற்காலிய இழுத்த!"

"இதத்தான் சார் நானும் ஒன்றரை வருஷமா சொல்லிக்கிட்டிருக்கேன்!" என்று கத்தினான் பைலட். தறிச் சத்தத்தையும் மீறிக் கேட்டது.

கடிதத்தைக் கிழித்துப் போட்டான். அவர் போனதும் நான் அவன் சட்டையைப் பிடித்தேன்.

"கிறுக்குப் பயலே, ஒரு கையெழுத்துதானலே? மறுபடி பறந்திருக்கலாம்ல?"

"நான் போட்டுட்டா அந்தக் கொக்கிய எவம்லே மாத்துவான்? எனக்குப் பொறவு அதுல ஒக்கார்ற பய என்ன ஆவான்?"

பிறகு அவன் பறக்கவே இல்லை. அந்தக் கொக்கியைப் பற்றி மாதம் ஒரு கடிதம், டெல்லியில் இருக்கும் விமானத் துறை ஆபீசுக்கு ரிஜிஸ்டர் தபாலில் போகும். தபால்காரர் முதற்கொண்டு சிரித்தார். மூன்றாம் வருஷம் ஒரு பதில் வந்தது: அந்தப் பள்ளி விமானங்களின் சீட் கொக்கிகளையெல்லாம் மாற்றச் சொல்லி உத்தரவு. அதில் அவன் பெயர் ஒரு இடத்தில்கூட இல்லை. எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. அவன் அதைச் சாவகாசமாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு எனக்கு பஜ்ஜி வாங்கித் தந்தான். பிறகு, பஜ்ஜி ஆறிப்போயிருக்கிறது என்று கடைக்காரரோடு சண்டைக்குப் போனான்.

பதினோரு வருஷம் ஒன்றாக வேலை பார்த்தோம். அவன் லீவு போட்ட நாளில் எனக்கு ஆபீசில் இருப்புக் கொள்ளாது.