மூத்த மருமகனின் ப்ளூஸ்

அண்ணன் தம்பிக்குள் பொறாமை வந்தால், காணியைப் பிரித்து நடுவில் வேலி அடைத்ததும் பாதி அடங்கிவிடும். சகலன்மாருக்குள் வந்தால் அடங்க வழியே இல்லை. பிரிக்கவேண்டிய சொத்து மாமியாரின் வாயில் இருக்கிறது. அந்த வாயிலிருந்து வரும் புகழ்ச்சி முழுவதும் ஒருவருக்கே போய்க்கொண்டிருந்தால், மற்றவர் எந்தக் கோட்டில் போய் வழக்குப் போடுவது?

நான் மூத்த மருமகன். உடுப்பிட்டியில் வீடு, அரச அலுவலகம் ஒன்றில் முகாமைத்துவ உதவியாளர் வேலை, கொஞ்சம் முன்வழுக்கை. என் மனைவி கௌரியின் தங்கை வாணியைக் கட்டியவன் சுதன். நெல்லியடியில் மின்சாரச் சாமான் கடை வைத்திருக்கிறான். (ஆட்களுக்கு முன்னால் ‘சுதன் அவர்’ என்றுதான் சொல்வேன். இது மனதுக்குள் நடக்கிற கதை என்பதால் ‘அவன்’.)

சுதன் கெட்டவனாக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ நிம்மதி. அந்த உதவியைக்கூட அவன் செய்யவில்லை. குடிக்க மாட்டான். மாமிக்குக் கால் உளைவு என்றால் தைலப் போத்தலோடு வந்து நிற்பான். என்னை வாய் நிறைய “அண்ணை” என்று கூப்பிடுவான். இவ்வளவும் போதாதென்று கிற்றாரும் வாசிப்பான்.

வாசிப்பு என்ன வாசிப்பு, தந்திகளைச் சேர்த்து அடிக்கிற மூன்றே மூன்று கோர்ட்ஸ். அதை மாற்றி மாற்றி அடித்துக்கொண்டு பழைய படப்பாட்டு ஒன்றைப் பாடுவான். மாமி அப்படியே உருகிவிடுவார்.

“என்ன வடிவாப் பாடுறார் பிள்ளை! கேட்டுக்கொண்டே இருக்கலாம்” என்பார். பிறகு என் பக்கம் திரும்பி, “தம்பி, உங்களுக்கு எப்பன் சொதி விடட்டோ?” என்று கேட்பார்.

கலியாணம் முடித்த நாளிலிருந்து மாமி என்னிடம் கேட்ட கேள்விகளில் பெரும்பாலானவை சொதி என்ற அந்தத் தேங்காய்ப்பால் குழம்பு சம்பந்தப்பட்டவை. ஒரே ஒரு தடவை, பத்துப் பேர் கேட்க, “எங்கடை மூத்தவரைப் போல வருமே!” என்று அவர் சொல்லவேண்டும். இதுதான் என் வாழ்க்கை இலட்சியமாக இருந்தது. சிரிக்க வேண்டாம். சிலருக்கு நாடாளுமன்றம் போக ஆசை, எனக்கு இது.

ஆகவே சுதனுக்குத் தெரியாத ஒன்றைக் கற்றுக்கொள்வது என்று முடிவெடுத்து இணையத்தில் தேடினேன். கோர்ட்ஸ் அடிக்கிறவர் பின்னால் நிற்பார், லீட் வாசிக்கிறவர்தான் முன்னால் நிற்பார் என்று ஒரு வீடியோவில் சொன்னார்கள். அந்த ஒரு தகவலுக்காகவே யாழ்ப்பாணம் ரவுனுக்குப் போய்க் கிற்றார் ஒன்றை வாங்கி வந்தேன்.

எனக்கு வாய்த்த குரு தொப்பி போட்ட ஓர் அமெரிக்கக் கிழவர். ப்ளூஸ் லீட் கிற்றார் பாடம். ஐந்தே சுரம்தான், ஆரும் வாசிக்கலாம் என்று சிரித்துக்கொண்டே சொல்வார். ப்ளூஸ் என்பது அங்கே அடிமைப்பட்டுப் பருத்தித் தோட்டங்களில் மாடாய் உழைத்த கறுப்பின மக்களின் துயரத்திலிருந்து பிறந்த இசை என்று முதல் பாடத்திலேயே விளங்கப்படுத்தினார். “உங்கள் வாழ்க்கையின் வலியை விரலுக்குக் கொண்டுவாருங்கள்” என்றார். நானும் கண்ணை மூடி என் வலியைத் தேடினேன். சுதன் புதிதாகக் கட்டுகிற வீட்டுக்கு மேல்மாடியும் போடுகிறானாம் என்ற செய்தி நினைவுக்கு வந்தது. விரல் தானாகவே தந்தியைப் பிடித்து இழுத்தது.

வீட்டுக்குள் வாசிக்க வெட்கமாக இருந்ததால் கிணற்றடி மோட்டர் கொட்டிலைப் பாடசாலை ஆக்கினேன். சத்தம் வெளியே கேட்காமலிருக்க மோட்டரையும் போட்டுவிடுவேன். வேலை முடிந்து வந்து பின்னேரம் முழுக்க நான் உள்ளே சாதகம், வெளியே வாழைகள் வெள்ளத்தில் நிற்கும்.

இங்கே ஒரு சின்னத் தொழில்நுட்ப விஷயம். கிழவரின் விரல் போகிற வேகம் என் கண்ணுக்குப் பிடிபடவில்லை. வீடியோவைப் பாதி வேகத்தில் ஓடவிடலாம் என்று கண்டுபிடித்தேன். அந்த வேகத்தில் கிழவரின் குரல் கள்ளுக்கொட்டிலிலிருந்து பாடம் எடுப்பதுபோல இருக்கும், ஆனால் விரல் வடிவாகத் தெரியும். பாடம் பாடமாக அப்படியே படித்தேன். பழகிய பிறகு அதைச் சரியான வேகத்துக்கு மாற்றவேண்டும் என்ற எண்ணம் இந்த மண்டைக்குள் ஒருநாள்கூட வரவில்லை. ஏற்கெனவே அழுகிற இசை. அதையும் பாதி வேகத்தில்.

ஒருநாள் கௌரி கொட்டில் வாசலில் வந்து நின்றாள்.

“இஞ்சருங்கோ, என்னப்பா உது? செத்தவீட்டிலை ஆரோ குழறுற மாதிரிக் கிடக்கு.”

“இது ப்ளூஸ். உமக்கு விளங்காது.”

“எனக்கு விளங்காட்டிக் காரியமில்லை. வாழைக்குத் தண்ணி காணும், வேர் அழுகப்போகுது. மோட்டரை நிப்பாட்டுங்கோ.”

“சுதன்ரை குடிபூரலுக்கு நான் இதைத்தான் வாசிக்கப்போறன்.” (குடிபூரல் என்றால் எங்கள் பக்கத்தில் புதுவீடு புகுவது.)

கௌரி என்னை ஏற இறங்கப் பார்த்தாள். “நல்ல காரியம் நடக்கிற வீடப்பா. அங்கை போய் உதை வாசிக்காதேங்கோ. கேட்டியளே?”

கேட்டேன். கேட்டு, அவளும் தங்கை புருசனுக்குத்தான் சப்போட் என்று முடிவுகட்டினேன்.

குடிபூரல் அன்று நெல்லியடிக்குப் போய் இறங்கியதுமே எனக்கு நெஞ்சு எரியத் தொடங்கிவிட்டது. மேல்மாடி. முகம் தெரிகிற மாபிள் தரை. குசினிக்குள் அலுமாரிக் கதவை மெல்லத் தொட்டால் போதும், அது தன்பாட்டில் போய் மூடிக்கொள்கிறது. நான் மூன்று தரம் திறந்து பார்த்தேன், மூன்று தரமும் மரியாதையாக மூடியது. வாசலில் கண்ணூறு படாமல் மீசையும் பல்லும் கீறிய நீத்துப்பூசணிக்காய் ஒன்றைத் தொங்கவிட்டிருந்தார்கள். ஊரில் எத்தனையோ பேர் வந்துபோக, அது என்னை மட்டும் பார்த்துப் பல்லை இளித்ததாகத் தோன்றியது.

பால் காய்ச்சி, ஐயர் கிரியை முடித்து, மத்தியானச் சாப்பாடும் முடிந்து, பொழுதுபடுகிற நேரம் சொந்தக்காரர் எல்லோரும் முன் ஹோலில் கூடினோம். பாட்டுக் கச்சேரி. சுதன் ஒலிபெருக்கிக்கும் சொல்லியிருந்தான். வெளிநாட்டுச் சனம் பார்க்க, வாணியின் போனை ஒரு தாங்கியில் வைத்து வீடியோ அழைப்பும் எடுத்துவிட்டான். பிரான்ஸ், லண்டன், கனடா என்று சின்னச் சின்னப் பெட்டிகளில் முகங்கள். ஒரு பெட்டி மட்டும் கறுப்பாக இருந்தது. அது கனடா மாமா, மாமியின் கூடப்பிறந்த அண்ணன். ஊரிலிருக்கிற காணியில் வேலிக் கதியாலைத் தள்ளிப் போட்ட பிரச்சினையில் தங்கையோடு கதைபேச்சு இல்லை. எல்லா நிகழ்ச்சிக்கும் இப்படிக் கறுப்பாக வந்திருந்து பார்ப்பார், ஒரு வார்த்தை கதைக்க மாட்டார்.

மாமி போனுக்கு நேர் முன்னால், புதுச் செற்றியின் நடுவில் இருந்தார். நுளம்புக்காக யாரோ வாசலில் தேங்காய்ப் பொச்சுமட்டையில் சாம்பிராணி போட்டுப் புகைத்துக்கொண்டிருந்தார்கள்.

முதலில் சுதன் பாடினான். வழக்கமான மூன்று கோர்ட்ஸ், வழக்கமான உருகல். பிறகு மைக்கைப் பிடித்தான்.

“இப்ப எங்கடை அண்ணை வாசிக்கப்போறார். இது லேசுப்பட்டதில்லை, லீட் கிற்றார்! நான் பின்னாலை சும்மா கோர்ட்ஸ் மட்டும்தான்.”

சனம் கைதட்டியது. எனக்கென்று நினைத்தேன். “என்ன பணிவு பாருங்கோவன் பிள்ளைக்கு” என்று பின்கதிரையில் ஒருவர் சொன்னது காதில் விழுந்தது. நான் இன்னும் ஒரு தந்தியைக்கூடத் தொடவில்லை.

தொடங்கினோம். சுதன் சாதாரண மனிதர் வாசிக்கிற வேகத்தில் அடித்தான். நான் கள்ளுக்கொட்டில் வேகத்தில் வந்துகொண்டிருந்தேன். அவன் என்னைப் பார்த்து வேகத்தைக் குறைத்தான். இன்னும் குறைத்தான். அதற்குமேல் குறைத்தால் நித்திரைதான் என்ற கட்டத்தில் கிற்றாரை மெல்லச் சுவரில் சாத்திவிட்டு விலகி நின்றான். என் வித்தைக்கு ஈடுகொடுக்க அவனால் ஏலவில்லை என்று நினைத்தபோது எனக்கு வந்த சந்தோசத்தை எழுத்தில் சொல்லமுடியாது.

இனி மேடை எனக்கு மட்டும். கிழவர் சொன்னபடி வலியை முகத்துக்கும் கொண்டுவந்தேன். புருவத்தைச் சுருக்கி, உதட்டைக் கடித்து, கழுத்தைச் சரித்து, ஒரு தந்தியை இழுக்க அது ஒலிபெருக்கியில் போய் ஊர்முழுக்கக் குழறியது. ஒற்றைக் கண்ணைத் திறந்து பார்த்தேன். மாமி கண்ணை மூடி, தலையை ஒருபக்கம் சாய்த்து, வாயை லேசாகத் திறந்தபடி இருந்தார். லயித்துவிட்டார்! இரண்டு பக்கத்திலும் இருந்த பெண்கள் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தார்கள். எனக்கே கண் கலங்கிவிட்டது. இத்தனை வருசச் சொதிக்கும் இன்றுதான் விடிவு என்று இன்னும் இன்னும் இழுத்தேன். நிறுத்தவும் தெரியவில்லை. எப்படி முடிப்பது என்ற பாடத்துக்கு நான் இன்னும் வந்திருக்கவில்லை.

உள்ளதைச் சொன்னால், மாமி விடியப்புறம் பால் காய்ச்ச எழும்பியவர், அசந்து நித்திரை. பெண்களுக்குக் கண்ணில் சாம்பிராணிப் புகை. இதெல்லாம் பிறகு தெரிந்தது.

முதலில் வந்தவர் பின்வளவுக்காரர். மத்தியானம் வயிறாரச் சாப்பிட்டுப் போனவர், இப்போது வெறும் மேலில் துவாயைப் போட்டுக்கொண்டு படலையடியில் நின்றார். “என்ன தம்பி, ஆருக்கு? மத்தியானம் எல்லாரும் நல்லாத்தானே இருந்தவை?” என்று யாரிடமோ குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

அந்த நேரம் வாணி போனைப் பார்த்து வீரிட்டாள். வீடியோ அழைப்பு எப்போதோ இறுகிப்போய்விட்டதாம். இறுகிய இடம் இதுதான்: நடுவில் கண்மூடி வாய்திறந்த மாமி, சுற்றிவரக் கண்ணைத் துடைக்கிற பெண்கள், புகை, பக்கத்தில் முகத்தைக் கோணிக்கொண்டு நிற்கிற மூத்த மருமகன். படம்தான் நின்றதே தவிர, என் கிற்றார்ச் சத்தம் அறாமல் போய்க்கொண்டிருந்திருக்கிறது.

குடும்ப வட்ஸ்அப் குழு கொதித்துக்கொண்டிருந்தது. பிரான்சிலிருந்து கைகூப்பிய படங்கள். லண்டனிலிருந்து, “ஐயோ மாமி எப்ப மோசம் போனவ?” கனடாவிலிருந்து, “எப்ப எடுக்கிறியள்? ரிக்கற் பாக்கவோ?” யாரோ ஒரு பொறுப்பானவர், “மரண அறிவித்தலுக்கு மாமியின்ரை நல்ல படம் ஒண்டு அனுப்புங்கோ, சிரிக்கிறதா இருந்தால் நல்லது” என்று எழுதியிருந்தார்.

“அத்தான்!” என்று வாணி என்னைப் பார்த்துக் கத்தினாள். “புதுவீட்டிலை எங்கடை அம்மாவைச் சாகடிச்சுப் போட்டியளே!”

நான் கடைசியாக இழுத்த தந்தியை அப்போதுதான் விட்டேன்.

“எரிச்சலிலை வேணுமெண்டு வாசிச்சிருக்கிறார்” என்று ஒரு குரல் கேட்டது. மறுக்க வாயெடுத்தேன். வேணுமென்று வாசிக்கவில்லை என்று கோயிலில் சத்தியம் பண்ணலாம். எரிச்சல் இல்லை என்று எப்படிப் பண்ணுவது?

சுதனின் போன் அடித்தது. கனடா மாமா. சுதன் எடுத்ததும் ஹோல் முழுக்கக் கேட்கிற மாதிரி ஒரு அழுகை. அவன் பதறாமல் மாமியின் தோளில் தட்டி, “மாமி, எழும்புங்கோ, உங்கடை அண்ணை” என்று போனைக் கையில் கொடுத்தான்.

மாமி அரைத் தூக்கத்தில், “ஆர், அண்ணையோ?” என்றார்.

அந்தப் பக்கம் அழுகை அறுந்தது.

“தங்கச்சி... நீயோ கதைக்கிறாய்?”

“வேறை ஆர் கதைக்கிறது? என்ன அண்ணை, இவ்வளவு காலத்துக்குப் பிறகு?”

“நீ செத்துப்போட்டாய் எண்டு சொல்லிச்சினமடி...” மாமா திரும்பவும் விம்மினார். “அந்தக் கதியாலை நான் தள்ளிப் போட்டது பிழைதான் தங்கச்சி. உன்ரை காணிதான் அது. கதைக்காமலே போயிட்டியோ எண்டு நெஞ்சு வெடிக்கப் பாத்துது.”

மாமி வாயைப் பொத்திக்கொண்டு அழத் தொடங்கினார். இம்முறை பெண்களுக்குப் புகை தேவைப்படவில்லை. கௌரியும் அழுதாள், வாணியும் அழுதாள். பின்வளவுக்காரர் துவாயால் முகத்தைத் துடைத்தார். அண்ணனும் தங்கையும் கதைத்தார்கள், கதைத்தார்கள், விட்டுப்போன அவ்வளவு காலத்தையும் கதைத்தார்கள். கிற்றாரைக் கழுத்தில் மாட்டியபடி நான் நடு ஹோலில் நின்றேன். எனக்கு ஒரு சின்ன நப்பாசை வந்தது. யோசித்துப் பாருங்கள், இவ்வளவும் யாரால் நடந்தது?

மாமி போனை வைத்தார். எழும்பினார். என்னைக் கடந்து போய்ச் சுதனின் கன்னம் இரண்டையும் பிடித்துக் கொஞ்சினார்.

“என்ரை ராசா! அண்ணையை என்னோடை கதைக்க வைச்சிட்டியே!”

பிறகு என்னைப் பார்த்தார். “தம்பி, உதைக் கொண்டுபோய் மோட்டச்சைக்கிளடியிலை வையுங்கோ. ஆக்களின்ரை காலுக்கை தட்டுப்படப்போகுது.”

அடுத்த வருசம் கனடா மாமா வந்தார். சுதன் வீட்டு மேல்மாடியில்தான் தங்கினார். வேலி பழைய எல்லைக்கே வந்துவிட்டது. மாமி இப்போது எந்த விசேசத்துக்குப் போனாலும் புது ஆட்களுக்கு எங்கள் இருவரையும் ஒரே மாதிரித்தான் அறிமுகம் செய்துவைக்கிறார்: “உவர் மூத்த மருமகன், என்னைச் சாகடிச்சவர். இவர் சின்ன மருமகன், என்னை எழுப்பி அண்ணையோடை சேர்த்து வைச்சவர்.” சனம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கும். முழுக்கதையும் கேட்கும். மாமி முழுக்கதையும் சொல்லுவார், தூங்கி வழிந்ததையும் நடித்துக் காட்டுவார்.

அதையும் தாங்கிக்கொள்வேன். போன கிழமை ஒரு கலியாண வீட்டில் இந்தக் கதை முடிந்து எல்லோரும் சிரித்து ஓய்ந்தபோது, சுதன் என் தோளில் கையைப் போட்டான். “அப்பிடிச் சொல்லாதேங்கோ மாமி. அண்ணை அண்டைக்கு வாசிச்சிருக்காட்டி மாமா கதைச்சிருப்பாரே? முழுப் புகழும் அண்ணைக்குத்தான்” என்றான். எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். நான் சட்டைக் கொலரை இழுத்துவிட்டு, பணிவாக ஒரு சிரிப்பையும் தயார்செய்தேன்.

மாமி கண் கலங்கச் சுதனைப் பார்த்தார். “பாத்தியளே,” என்றார் சபையிடம், “எவ்வளவு பெரிய மனசு எங்கடை பிள்ளைக்கு!”