வரம்பு போட்ட தம்பி எழுதுவது

மாதோ
முழுநிலா விழாவுக்கு நான்கு நாள் முன்பு

பம்பளிமாஸ் தோட்டத்து அக்கா சுவாங் சூ-லான் அவர்களின் சமூகத்துக்கு, விவசாயிகள் சங்கத்தில் சர்வர் பார்த்துக்கொள்ளும் தம்பி போ-ஷியென் தலைகுனிந்து எழுதுவது. நான் சுகம். உன் முழங்கால், உன் மரங்கள், அந்தக் கோபக்கார நாய் எல்லாரும் சுகமென்று நம்புகிறேன். மூன்று நாளாக நீ போனை எடுக்கவில்லை. ஏனென்று தெரியும். விழா நெருங்கியும் ஒரு ஆர்டர்கூட வரவில்லை என்று நொந்துபோயிருப்பாய். விழா முடிந்தால் அந்தப் பழத்தை யார் சீண்டுவார்? ஆனால் அக்கா, தப்பு பழத்தில் இல்லை, என்னிடத்தில்.

போன வாரம் நம் ஆர்டர் தளம் நத்தையாக ஊர்ந்தது. செயலாளர் வெய் என் மேஜைக்கே வந்துவிட்டார். "என்னய்யா, ஜனங்க பழம் கேக்குறாங்க, உம்ம பெட்டி வட்டம் சுத்திக் காட்டுது!" திறந்து பார்த்தால், சர்வரில் ஓடும் புரோகிராம்களில் பழம் விற்கிற வேலை ஓரமாகப் பட்டினி கிடக்கிறது. நகலெடுக்கும் வேலை, வைரஸ் தேடும் வேலை, செயலாளரே ஆசைப்பட்டுக் கேட்ட கேமராப் படம் சேமிக்கும் வேலை, இப்படிப் பின்னணியில் இருக்கவேண்டியதெல்லாம் பந்திக்கு முந்தி உட்கார்ந்திருக்கிறது. ஆளுக்குக் கால்வாசி பிராசசர், ஒரு ஜிபி மெமரி, அதற்குமேல் கேட்டால் கழுத்தைப் பிடித்துத் தள்ளு என்று வரம்பு போட்டேன். நகலெடுக்கும் வேலை மேலே கேட்டது, சர்வர் தள்ளியது. விழுந்த வேலையைத் தானாக எழுப்பிவிடும் ஏற்பாடு ஒன்றும் நான் செய்ததுதான். அது எழ, இது தள்ள, மத்தியானத்துக்குள் தொள்ளாயிரம் தடவை. ஒவ்வொரு தடவையும் பதிவில் ஒரு புகார் எழுதி வைத்தது. புகார்களால் டிஸ்க்கே நிரம்பி, ஊர்ந்துகொண்டிருந்த தளம் படுத்தேவிட்டது.

செயலாளர் மறுபடி வந்தார். சொன்ன பேச்சு கேட்கட்டும் என்று எங்கள் ஆபீஸ் வழக்கப்படி சர்வர் தலையில் பச்சைச் சோளப்பொரிப் பொட்டலம் வைப்போமே, அதை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். "தேதி முடிஞ்சு ரெண்டு மாசமாச்சு! அப்புறம் எப்படிய்யா கேக்கும்?" கடைக்கு ஓடினேன். பச்சை தீர்ந்துபோய் மஞ்சள்தான் இருந்தது. அதை வாங்கி வந்தால், பக்கத்து மேஜை லியென் வாசலிலேயே மறித்தாள். "ஐயோ அண்ணே, மஞ்சளா? அது கோளாறு விளக்கோட நிறம், ஓடுற மிச்சமும் படுத்துக்கும்!" நான்காவது கடையில் பச்சை கிடைத்தது. இருபத்தாறு வருஷம் இந்த வேலையில் இருப்பவன், இதையெல்லாம் நம்புகிறவன் இல்லை. இரண்டு கையாலும் வைத்துக் கும்பிட்டேன். கூடவே நகலெடுக்கும் வேலைக்கு மெமரியை மூன்று ஜிபி ஆக்கி, புகார்களையும் துடைத்தேன். தளம் பறந்தது.

இன்று காலைதான் என் தப்பு கண்ணில் பட்டது. நான் வரம்பு போட்டவற்றில் பெயர் தெரியாத ஒரு சின்ன வேலை இருந்தது. யாரோ ஓய்வுபெற்றவர் எழுதியது. இதற்கு எதற்கு ஒரு ஜிபி என்று மெமரியைக் கிள்ளித்தான் கொடுத்திருந்தேன். அக்கா, ஆர்டர்களைத் தோட்டக்காரர் போனுக்கு அனுப்புவதே அதுதான்! அந்த அளவில் அது மூச்சுக்கூட விட்டிருக்காது. தளத்தில் உன் பெயருக்கு முந்நூற்றுப் பன்னிரண்டு பெட்டி ஆர்டர் கிடக்கிறது. அப்பா இறந்த வருஷம் நீ பள்ளியை விட்டு மரத்தில் ஏறினாய், நான் கம்ப்யூட்டர் படித்தேன். அந்தப் படிப்பை வைத்தே உன் பழத்தை மறித்துவிட்டேன். எழுதும்போதே அழுகை வருகிறது. பட்டியல் இத்துடன் இருக்கிறது, உடனே பறி. விழா முடியும்வரை சர்வரை விட்டு நகரக்கூடாது என்று செயலாளர் உத்தரவு. இல்லாவிட்டால் நானே வந்து காலில் விழுந்திருப்பேன்.

உன் மரங்களைக் காக்கும் மண்சாமி முழங்காலையும் காக்கட்டும். நாய்க்கும் என் அன்பு.

உன் மன்னிப்புக்குக் காத்திருக்கும்
போ-ஷியென்

பி.கு.: மேலே எழுதியது எல்லாம் வீண். உறையை ஒட்டுமுன் லாரியோடு சங்கத்து வாசலில் வந்து நிற்கிறாய். இப்போதுதான் பார்த்தேன்: அந்தச் சின்ன வேலைக்கு வரம்பை எழுதினேனே தவிர, அதை நிறுத்தித் திரும்ப ஓட்ட மறந்திருக்கிறேன். அப்படி ஓட்டாமல் புது வரம்பு நடப்புக்கு வராது, அது பழையபடியே ஓடியிருக்கிறது. ஆர்டர் எல்லாம் அன்றன்றைக்கே உனக்கு வந்திருக்கிறது. "முந்நூத்துப் பன்னெண்டு பெட்டிடா! தனியாளா பறிச்சு, தொடச்சு, கட்டியிருக்கேன். போன எடுக்க மூணாவது கையா மொளைச்சிருக்கு?" என்று நீ கத்துவது மாடிவரை கேட்கிறது. சர்வரில் யார்மேல் எவ்வளவு பாரம் என்று நாள் முழுக்கப் பார்க்கிறவன், உன்மேல் எவ்வளவு என்று ஒருநாளும் பார்க்கவில்லை அக்கா. நேரில் இதைச் சொல்ல வாய் வராது, அதனால்தான் எழுதுகிறேன். செயலாளர் உத்தரவு கிடக்கட்டும், பெட்டி இறக்க வருகிறேன்.