எனக்கு ரெண்டு மாமியார் கிடையாது

தாராவி, பம்பாய்-17
ஆவணி மாதம், 1967

மரியாதைக்குரிய நெல்லையப்பன் மாமா அவர்களுக்கு, தங்கள் மருமகனாகப் போகிற கணேசபாண்டியன் கும்பிட்டு எழுதிக்கொள்வது. இங்கு நான் சுகம். அங்கு அத்தை, சண்முகவடிவு, சினைமாடு எல்லோரும் சுகம்தானா. தாங்கள் மட்டும் கோபமாய் இருப்பதாகவும், நிச்சயத் தாம்பூலத்தைத் திருப்பி அனுப்பப் போவதாகவும் எழுதிய கடுதாசி கிடைத்தது.

மாமா, இங்க இருக்க நம்ம ஊரு பூதத்தான் அண்ணன் உங்களுக்கு எழுதினது பாதி நெசம். நான் ஒரு வெள்ளைக்காரி வாயில வாய் வச்சது நெசம். ஆனா அவளுக்கு உசுரு கிடையாது. கடுதாசியக் கீழ போட்டுராதிய, மேல வாசிங்க. அவ ரப்பர் பொம்மை. நான் வார்டு பாயா இருக்க ஆஸ்பத்திரியில, நர்சு, தீயணைப்புக்காரங்க, எங்களுக்கெல்லாம் சேத்து, மூச்சு நின்னவன எப்படிப் பொழைக்க வைக்கதுன்னு வகுப்பு நடக்கு. தலைய நிமித்தி, மூக்கப் பொத்தி, வாயில ஊதினா பொம்மைக்கு நெஞ்சு ஏறும். அப்புறம் நெஞ்சு நடுவுல ரெண்டு கையையும் வச்சு அமுக்கணும். மொத தடவ நெஞ்சு ஏறினப்ப எனக்கு அழுகையே வந்துட்டு. மூச்சு நின்னா முடிஞ்சுதுன்னு நாம பாடை கட்டிருவோம்லா, அதுக்கு நடுவுல கொஞ்சம் நேரம் இருக்காம் மாமா. அது நம்ம கையில இருக்காம். சொல்லித்தாறது ஷிர்கே மாஸ்டர், மராட்டிக்காரர். அவரு நடக்க மாதிரியே நானும் நடந்து பாக்கேன், அவரு மேல அம்புட்டு கிறுக்கு.

பாடம் பூரா இந்தி. நான் பொம்மை மேல குனிஞ்சா "ஸான்ஸ் தோ, ஸான்ஸ் தோ"ன்னு கத்துவாரு. ஸான்ஸ்னா மூச்சு, தோன்னா குடு. அன்னைக்கு இருமல் மருந்து வாங்க வந்த பூதத்தான் அண்ணன் சன்னல்ல எட்டிப் பாத்திருக்காரு. பம்பாயில தலை நரைச்சும் அவருக்கு இந்தி அரைகுறையாத்தான் மொளைச்சிருக்கு. ஸான்ஸ் அவரு காதுல ஸாஸ்னு விழுந்திருக்கு; ஸாஸ்னா மாமியார், தோன்னா ரெண்டுன்னும் அர்த்தம் உண்டு. வெள்ளைக்காரி மேல கவுந்து கெடக்கவன ஒரு ஆபீசர் "மாமியார் ரெண்டு, மாமியார் ரெண்டு"ன்னு ஏசுதாருன்னு நெனச்சுட்டாரு. சாயங்காலம் வந்து கேக்காரு.

"ஏலே, அவ எந்த ஊருக்காரி?"

பொம்மை எங்க செஞ்சதுன்னு கேக்காருன்னு நெனச்சு, "நார்வே, அண்ணாச்சி"ன்னேன்.

"எப்படி வந்தா?"

"கப்பல்ல. பெட்டியோட."

"பெட்டியோடயே வந்துட்டாளா. உங்க மாமாவுக்குத் தெரியுமா?"

"அவியளுக்கு எதுக்குத் தெரியணும்?"

இதுதான் நான் செஞ்ச தப்பு.

வாற ஞாயித்துக்கிழமை பரீட்சை. பாஸானா ஆம்புலன்ஸ் வண்டியில வேலைக்குப் போட்டுருவாவ. வெள்ளைக்காரி வாற அந்த வகுப்ப விட்டாத்தான் கல்யாணம்னு எழுதியிருக்கிய. வகுப்ப விட மாட்டேன். வடிவையும் விட மாட்டேன். உங்களுக்காக வேணா ஒண்ணு செய்யுதேன். இனி பொம்மைக்கும் ஆம்பளைக்கும்தான் ஊதுவேன், பொம்பளை விழுந்தா நர்சக் கூப்பிடுவேன். சொடலைமாடன் மேல சத்தியம்.

அத்தைக்கு என் நமஸ்காரம். வடிவுக்குச் சொல்ல வேண்டியத நீங்களே பாத்துச் சொல்லிருங்க.

இப்படிக்கு,
ஒத்த மாமியாருக்கு மட்டுமே மருமகனாகும்
கணேசபாண்டியன்

பி.கு.: கவர ஒட்டுததுக்குள்ள ஒண்ணு நடந்துட்டு. எதுத்த வீட்டு சவரியம்மாள் அக்கா ஈரத்துணிய கரண்டு வயர் மேல போட்டு, அடிச்சு விழுந்துட்டாவ. மெயின ஆஃப் பண்ணிட்டுத் தொட்டுப் பாத்தா மூச்சு இல்ல. சந்து பூரா ஒப்பாரிக்குத் தொண்டையச் செருமுது. நர்ச எங்க போய்த் தேட. வாயில கெடந்த வெத்தலைய விரல விட்டுத் தோண்டி எடுத்துட்டு ஊதினேன் மாமா. நெஞ்சு ஏறுச்சு, எறங்குச்சு, ஏறுச்சு. இருமி முழிச்சு, "எந்தப் பயலே அவன்"னு என் கன்னத்துல ஒண்ணு வச்சாவ. அடி நல்ல பலம், அதனால பொழச்சுக்கிடுவாவ. ஆஸ்பத்திரியில சேத்தாச்சு. பூதத்தான் அண்ணன் அக்கா வெத்தலைச் சாறுல செவந்த என் வாயப் பாத்துட்டு தபாலாபீசுப் பக்கம் வெரசா போறாரு. அந்தக் கடுதாசியும் இதுகூடத்தான் வரும். மேல உள்ள சத்தியத்த அடிச்சுருங்க, சொடலைகிட்ட நான் பேசிக்கிடுதேன். வடிவுகிட்ட மட்டும் ஒண்ணு கேளுங்க. அவ விழுந்து கெடந்தா பக்கத்துல நிக்கவன் ஊதணுமா, நர்சத் தேடிப் போகணுமான்னு. அவ என்ன சொல்லுதாளோ, தாம்பூலத்த அதுபடி செய்யுங்க.