சிவப்பு டெபாசிட்

சாமுண்டி மலை அடிவாரத்து இளநீர்க் கடை முன்னால் சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரை நிறுத்திவிட்டு விஜய்குமார் நிமிர்ந்தபோது, எதிரே மாமனார் நின்றுகொண்டிருந்தார். பக்கத்தில் மாமியார். இருவரும் அந்நேரம் ஹனூரில் மஞ்சள் காட்டில் இருந்திருக்க வேண்டியவர்கள்.

குனிந்து ஒளியலாம் என்றால் அந்தக் காரில் அதற்கு வசதியில்லை. அறுபதுகளில் சீமையில் செய்த வண்டி. கூரை கிடையாது. இரண்டே சீட். பாக்கியெல்லாம் மூக்கு.

"யாரு வண்டிங்க மாப்பிள்ளை?" என்றார் மாமனார் சென்னிமலை.

அவனுடைய வண்டிதான். அதைச் சொல்ல முடியாததுதான் சங்கடம். ஊரில் அவன் பங்குக்கு வந்த நிலத்தை விற்ற பணம் வங்கியில் டெபாசிட்டாகத் தூங்குகிறது என்று மனைவி மோகனப்ரியா நம்பிக்கொண்டிருந்தாள். விஜய்குமாருக்கு அது அப்படியொன்றும் பெரிய பொய்யாகத் தோன்றவில்லை. புதுக் கார் ஷோரூம் வாசலைத் தாண்டும்போதே விலை இறங்கிவிடும்; இந்த மாதிரிப் பழைய ஸ்போர்ட்ஸ் காருக்கு வயதாக ஆகத்தான் மவுசு. தவிர, எந்த டெபாசிட்டை மலை வளைவில் மூன்றாவது கியரில் ஒடித்துத் திருப்ப முடியும்? வாக்கிங் என்று சொல்லிவிட்டு வந்து, முகத்தில் காற்றும் நெஞ்சுக்குள் எஞ்சின் உறுமலுமாக ஒரு சுற்றுப் போனால், இன்சூரன்ஸ் ஆபீஸில் வாரமெல்லாம் பட்டது பறந்துவிடும்.

கார் நிற்பது கன்னடக்கார நண்பன் ஹேமந்தின் வீட்டு ஷெட்டில். 'யார் கேட்டாலும் ஹேமந்த் வண்டி என்று சொல்லிவிடு, குரு' என்று வாங்கிய அன்றே யோசனை கொடுத்தவனும் ஹேமந்த்தான்.

"ஹேமந்த்னு ஒருத்தரோடதுங்க மாமா. நான் ஓட்டறேன், அவ்வளவுதான்."

சென்னிமலையின் முகம் கறுத்தது. "அப்ப நெசந்தான். நீங்க ஒருத்தருகிட்ட டிரைவரா இருக்கறீங்கன்னு சொன்னாங்க. நம்பாமத்தான் பஸ் ஏறி வந்தோம்."

விஜய்குமார் பதறிப்போய், டிரைவரெல்லாம் இல்லை, சம்பளமே வாங்குவதில்லை என்றான். நிலைமை அதோடு சீராகிவிடும் என்று நினைத்தான். மாமியார் கமலம்மாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். பெற்ற பெண்ணைக் கொத்தடிமைக்குக் கட்டிக்கொடுத்துவிட்டது போல ஒரு பார்வை. உடனே, சம்பளம் உண்டு என்று மாற்றினான். எவ்வளவு என்றார் மாமனார். வாயில் வந்த தொகையைச் சொன்னான். அந்தக் கூலிக்கு ஹனூரில் டிராக்டர் ஓட்டக்கூட ஆள் வராது என்று மாமனார் சொல்லித்தான் தெரிந்தது. ஆபீஸ் வேலை போய்விட்டதா என்பது அடுத்த கேள்வி. போகவில்லை, இது ஞாயிற்றுக்கிழமை மட்டும் என்றான். வாரமெல்லாம் உழைத்தும் பற்றாமல் ஞாயிறும் கூலிக்குப் போகிற மருமகன் என்று மாமனாரே முடிவு கட்டிக்கொண்டார்.

"வண்டிய எடுங்க. அந்த மொதலாளியப் பாத்துப்போடலாம்."

மாமனார் காரில் ஏறிக்கொண்டார். மாமியார் ஆட்டோவில் பின்தொடர்ந்தார். முதல் வளைவிலேயே சென்னிமலையின் தலைத்துண்டு பறந்தது. பின்னால் வந்த கமலம்மாள் ஆட்டோவை நிறுத்தி அதைப் பொறுக்கிக்கொண்டார்.

"வண்டிக்கு மேல ஒரு மூடி வாங்கிப் போட வக்கில்ல. அவங்கிட்டப் போயி வேலைக்கு நிக்கறீங்களே," என்றார் மாமனார், ஒரு கையால் வேட்டியையும் ஒரு கையால் கதவையும் பிடித்துக்கொண்டு.

சிக்னலில் நின்றபோது விஜய்குமார் ஹேமந்துக்கு அவசரமாகச் செய்தி அனுப்பினான்: இன்று நீதான் ஓனர், காப்பாற்று. பதிலுக்குக் கட்டைவிரல் படம் உடனே வந்தது.

ஹேமந்த் கேட்டிலேயே காத்திருந்தான். ஏன் இவ்வளவு லேட் என்று அதட்டினான். வண்டியைச் சுற்றி வந்து மட்கார்டில் விரலை ஓட்டிப் பார்த்து, தூசு துடைக்கக்கூடத் துப்பில்லையா என்றான். விஜய்குமார் கைகட்டி, "சாரி சார்" என்றான். இவ்வளவு பிரமாதமாக நடிக்கும் நண்பன் கிடைத்ததற்கு உள்ளுக்குள் பெருமைகூடப் பட்டான்.

சென்னிமலை நேராக விஷயத்துக்கு வந்தார். தோட்டம் துரவு உள்ள வீட்டு மருமகன் அடுத்தவன் வண்டியைத் துடைக்கக் கூடாது. இன்றோடு விட்டுவிட வேண்டும். ஹேமந்த் பெருமூச்சு விட்டான். இப்படி ஒரு டிரைவர் இனிக் கிடைக்கமாட்டான் என்று வருத்தப்பட்டான்.

"ஆனா பெரியவங்க சொல்லிட்டீங்க. நானு மீறக் கூடாது அல்லவா? சாவியக் குடுப்பா."

விஜய்குமாரின் விரல்கள் பிரிய மறுத்தன. அதற்குள் மாமனார் மகளைப் போனில் கூப்பிட்டு விஷயத்தைச் சொல்லி ஸ்பீக்கரைப் போட்டுவிட்டார்.

"சாவியக் குடுத்துட்டு ஊட்டுக்கு வாங்க," என்று அழுதாள் மோகனப்ரியா. "உங்களுக்கென்ன தலையெழுத்துங்க? நம்ம டெபாசிட்டு வட்டியே நமக்குப் போதும்."

சாவி கை மாறியது. போகட்டும், இவர்கள் ஊருக்குப் பஸ் ஏறியதும் வாங்கிக்கொள்ளலாம் என்று மனசைத் தேற்றிக்கொண்டான்.

சென்னிமலை அதோடு விடவில்லை. மருமகனின் தோளைப் பிடித்து, மாதேஸ்வரன் மலை இருக்கும் கிழக்கே திருப்பினார். "இனி இந்த வண்டியத் தொடமாட்டேன்னு மாதேஸ்வரன் மேல சத்தியம் பண்ணுங்க."

விஜய்குமார் ஆபீஸில் இல்லாத காய்ச்சலைச் சொல்வான். மனைவியிடம் இல்லாத டெபாசிட்டைச் சொல்வான். மாதேஸ்வரனிடம் மட்டும் விளையாட அவனுக்குத் தைரியம் கிடையாது. ஹனூர்ப் பக்கம் யாருக்குமே கிடையாது. உதவிக்கு ஹேமந்தைப் பார்த்தான். அவன் கர்ச்சீப்பால் பானெட்டைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

வேறு வழியில்லை. சத்தியம் செய்தான்.

திரும்பும்போது மூன்று பேரும் ஒரே ஆட்டோவில் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தார்கள். பின்னால், அந்த எஞ்சின் உறுமிக் கிளம்பும் சத்தம் கேட்டது. விஜய்குமார் கணக்குப் போட்டான். ஆர்.சி. புத்தகம் இன்னும் தன் பேரில்தான் இருக்கிறது. தொடமாட்டேன் என்றுதானே சத்தியம்? ஹேமந்த் ஓட்ட, பக்கத்து சீட்டில் போனால் என்ன? தொடாமல் எப்படி உட்காருவது என்பது மட்டும்தான் பிடிபடவில்லை. என்ன இருந்தாலும் ஹேமந்த் நண்பன். ஏதாவது வழி சொல்வான்.

கமலம்மாள் மடியிலிருந்த தலைத்துண்டை மடித்தபடி, அன்றைக்கு முதல் தடவையாகச் சிரித்தார்.

"உங்க மொதலாளி தங்கமானவருங்க மாப்பிள்ளை. 'ஞாயித்துக்கெழம எளநிக் கடைக்கு வந்தாப் பாக்கலாம், எத்தன சொன்னாலும் கேக்கமாட்டாரு, மாதேஸ்வரன் மேல சத்தியம் வாங்கிருங்க'ன்னு போன வாரம் அவரே எங்களுக்குப் போன் போட்டுச் சொல்லாட்டி, நாங்க இங்க எதுக்குங்க வரப்போறோம்?"